படம் இல்லாத எச்சரிக்கை

பிப்ரவரி 2, 2026. திங்கள்.

ராட்டர்டாமிலுள்ள எங்கள் பிரதிநிதியிடமிருந்து எதிர்பார்த்திருந்த மின்னஞ்சல் காலையில் வந்தது. வேதிப்பொருள்களை வகைப்படுத்தும் ஐரோப்பிய விதிகளில் புதிய ஆபத்து வகைகள் சேர்ந்திருக்கின்றன. எரிவது, வெடிப்பது, அரிப்பது, நஞ்சாவது என்று இதுவரை இருந்த வரிசையோடு, உடலின் ஹார்மோன்களைக் குலைப்பது, சிதையாமல் தங்குவது, நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் நகர்வது ஆகியவையும் இனித் தனித்தனி வகைகள். எங்கள் எஸ்-12 அவற்றுள் முதலாவதில், அதிலும் முதல் நிலையில், இடம் பெறுகிறது. 'மனிதர்களின் நாளமில்லாச் சுரப்பிகளின் இயக்கத்தைக் குலைக்கக்கூடும்' என்ற வாசகம் ட்ரம்மில் அச்சாக வேண்டும். ஏற்கெனவே சந்தையிலுள்ள பொருள் என்பதால் நவம்பர் முதல் தேதி வரை அவகாசம் உண்டு. ஆனால் வாங்குபவர்கள் மார்ச் சரக்கிலிருந்தே கேட்கிறார்கள்.

எஸ்-12 தோலை மிருதுவாக்கும் எண்ணெய். ராணிப்பேட்டையில் நாங்கள் தயாரிப்பவற்றுள் அதிகம் விற்பது அதுதான். நிரப்பும் முற்றத்தில் அதற்குச் 'சோம்புத் தண்ணி' என்று பெயர். மணம் அப்படி.

பொது மேலாளர் குலசேகரிடம் தெரிவித்தேன். மின்னஞ்சலை அவர் முழுதாகப் படிக்கவில்லை.

"அவன் என்ன கேக்கறானோ அத ட்ரம்ல போட்டுடுங்க சம்பந்தம். உள்ள யார்கிட்டயும் இதப் பத்திப் பேச வேணாம். பாதிப் பேரு பயந்து ஓடுவான், மீதிப் பேரு யூனியன் ஆபீசுக்கு ஓடுவான்."

பேசுவதற்கு எனக்கும் அவசியம் எதுவும் தோன்றவில்லை. ஆபத்து வேறு, இடர் வேறு. ஒரு பொருளுக்கு இயல்பாக உள்ள தன்மை ஆபத்து. யாருக்கு, எவ்வளவு, எத்தனை காலம் பட்டது என்பதைப் பொறுத்தது இடர். நான் வகைப்படுத்துவது முன்னதை மட்டுமே.

மாலையில் குடிநீர் கேன் வரவில்லை. கடைக்காரர் என் எண்ணை அழித்துவிட்டாராம். முன்பெல்லாம் வாரம் மூன்று கேன் வாங்குவோம். இப்போது ஒன்றே போதுவதால் வீடு காலியாகிவிட்டது என்று நினைத்தாராம். திருத்திச் சொன்னேன்.

பிப்ரவரி 6. வெள்ளி.

என் மனைவி தமயந்தியின் மூட்டுவலிக்குக் கும்பகோணத்திலேயே, அக்காள் வீட்டில் இருந்தபடியே, வைத்தியம் தொடர வேண்டுமாம். அக்காள்தான் தொலைபேசியில் சொன்னார். தமயந்தி அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

பிப்ரவரி 10. செவ்வாய்.

நிரப்பும் முற்றத்து ஆபரேட்டர் தணிகைவேல் விடுப்பு விண்ணப்பத்தோடு வந்தான். விடுப்பு என் பொறுப்பில் இல்லை என்றேன். தெரியும் என்றான், காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் வந்தானாம். நான் எழுதும் தமிழால் முற்றத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மற்றபடி என்னை அங்கே எல்லோரும் 'லேபிள் சார்' என்றுதான் அழைக்கிறார்கள்.

"என்ன காரணம்?"

"பொண்ணு பாக்கப் போறோம் சார். ஆரணிப் பக்கம்."

"யாருக்கு?"

அவன் சிரித்தான். அது சிரிப்பென்று சொல்ல முடியாது. "எனக்குத்தான் சார். அம்மா ஒரே பிடிவாதமாக் கீது. கல்யாணம் ஆகி ஏழு வருசம் ஆச்சு. நிரோஷாவுக்கு ஒண்ணும் தங்கலே."

முதல் மனைவி இருக்கும்போது செய்யும் மறுமணம் சட்டப்படி செல்லாது என்று விளக்கினேன்.

"அதெல்லாம் ஊர்ல வெச்சுப் பேசி எழுதி வாங்கிக்கலாம்னு சொல்லுது சார் அம்மா. நிரோஷாவ அவ மாமன் வந்து கூட்டிக்கினு போயிடுவாரு. பங்குனி பொறந்ததும் வராரு."

"மருத்துவரிடம் காட்டினீர்களா?"

"காட்டாம? அவளுக்கு அந்த டெஸ்டு, இந்த டெஸ்டு, வவுத்துக்குள்ள டை எல்லாம் உட்டு ஸ்கேன். எல்லாம் நல்லாத்தான் கீதுன்றாங்கோ. அம்மா நம்பல."

"உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு சார்? நான் நல்லாத்தான கீறேன்."

'சொந்த வேலை' என்று எழுதினால் போதும் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகு அறையில் சோம்பு மணம் சற்று நேரம் இருந்தது. அவன் எஸ்-12 தொட்டியடியில் நின்று ட்ரம் நிரப்பத் தொடங்கிய காலத்தைப் பணியாளர் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது என் வேலைக்குத் தேவைப்படாத தகவல்.

பிப்ரவரி 13. வெள்ளி.

புதிய லேபிளின் மாதிரி தயாராகிவிட்டது. இதில் குறிப்பிட வேண்டியவை இரண்டு.

எஸ்-12 கண்ணை உறுத்தும் பொருள் என்று முன்பு கருதப்பட்டது. அதனால் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தது. சென்ற ஆண்டுச் சோதனைகளில் அந்த உறுத்தல் உறுதியாகவில்லை. எனவே அந்த வகைப்பாட்டை நீக்கியாயிற்று. படமும் போக வேண்டும். இரண்டாவது, புதிதாகச் சேரும் ஹார்மோன் குலைவு வகைக்கு விதிகளில் இன்னும் படமே வகுக்கப்படவில்லை. தீக்கு நெருப்பு உண்டு, நஞ்சுக்கு மண்டையோடு உண்டு, நீர்நிலைக்குச் செத்த மீன் உண்டு. இதற்கு வாசகம் மட்டுமே. படம் இருக்க வேண்டிய கட்டம் விதிப்புத்தகத்தில் வெறுமையாக இருக்கிறது.

ஆகவே எங்கள் தயாரிப்பு முன்னைவிடக் கடுமையான வகைக்குப் போகும் அதே நாளில் அதன் லேபிளிலிருந்து கடைசிப் படமும் மறைகிறது. விதிப்படி இது முற்றிலும் சரி. டச்சு, ஜெர்மன், இத்தாலிய வாசகங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

குலசேகர் மாதிரியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சிவப்புப் படம் இல்லாம எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. ஊறுகாய் பாட்டில் லேபிள் மாதிரி."

நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 20. வெள்ளி.

வகைப்பாட்டுக்கு ஆதாரமான ஆய்வறிக்கையை வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். எலிகளுக்கு உணவோடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெண் எலிகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆண் எலிகளின் விந்தணு எண்ணிக்கை அளவுக்கேற்பக் குறைந்திருக்கிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும் என்று வேறொரு அத்தியாயம் கூறுகிறது. கொடுப்பதை நிறுத்தியபின், இளம் எலிகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் இயல்புக்குத் திரும்பின. நெடுங்காலம் உட்கொண்ட வயதான எலிகளைப் பற்றிய பட்டியல் பின்னிணைப்பில் இருந்தது. படித்தேன்.

பாதிப்பு ஆண்களுக்குத்தான் என்பதை மூன்று முறை சரிபார்த்தேன்.

எலியிடம் கண்டது ஒரு குறிப்பிட்ட மனிதனுக்கும் நேர்ந்தது என்று எந்த வகைப்பாடும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது.

எஸ்-12 தொட்டியை நிறுவியபோது முற்றத்தில் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தவன் நான். அப்போது கருவிகள் குறைவு. ஒவ்வொரு தொகுதியிலும் விரலைத் தோய்த்து, தேய்த்து, முகர்ந்து தரம் பார்ப்போம். என் விரல் ஆய்வகத்தைவிடத் துல்லியம் என்று அன்றைய மேலாளர் சொல்வார். பதினோரு ஆண்டு அங்கே இருந்துவிட்டுத்தான் இந்தப் பிரிவுக்கு வந்தேன். பொருளை நேரடியாக அறிந்தவன் அதை வகைப்படுத்துவதில் ஓர் அனுகூலம் இருக்கிறது.

ரசம் அதிகமாகிவிட்டது. ஒருவருக்கு அளந்து வைப்பது இன்னும் கைவரவில்லை.

பிப்ரவரி 27. வெள்ளி.

மாலை ஆலை வாயிலில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். காலணித் தொழிற்சாலையின் நீலச் சீருடை, தோளில் டிபன் பை. தணிகைவேலின் மனைவி நிரோஷா என்று தானே சொன்னாள். தன் கம்பெனிப் பேருந்திலிருந்து வழியிலேயே இறங்கி வந்திருக்கிறாள்.

"அவரு உங்களப் பத்தி வீட்ல சொல்லுவாரு சார். லேபிள் சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னுவாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போயி டெஸ்ட் எடுத்துப்பாரு."

இது குடும்ப விஷயம், அலுவலகத்தில் என் பொறுப்புக்கு உட்பட்டதல்ல என்றேன்.

"நான் ஒண்ணும் எனக்குப் பாவம் பாருங்கன்னு கேக்க வரல சார். எனக்கு எல்லாம் நார்மல்னு மூணு டாக்டருங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அத்தைகிட்ட அந்தப் பேப்பர நீட்டினா, 'பேப்பரு புள்ள பெக்குமாடி'ன்னு கேக்குது. மாமன் வர பதினாறாந் தேதிக்குள்ள அவரு ஒரு தடவ போயி வந்துட்டா, எதுன்னாலும் நான் ஒத்துக்கறேன். அவருக்கும் நார்மல்னு வந்தா நானே பொட்டியக் கட்டிக்கினு போயிடறேன்."

"அவர் விரும்பாதபோது நான்..."

"நீங்க ட்ரம்முக்கு ஸ்டிக்கர் ஒட்டறவரு தான? டெஸ்ட் பண்ணாம ஒட்டுவீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "எனக்கு மலடின்னு ஒட்டிட்டாங்க சார். அதுவும் டெஸ்ட்ல இல்லேன்னு வந்த பின்னாடி."

ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அவள் கேட்டது முறையான கேள்வி. ஆதாரமின்றி ஒருபோதும் ஒட்டியதில்லை. அவளிடம் அதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

மார்ச் 3. செவ்வாய்.

புதிய லேபிள் ஒட்டிய முதல் சரக்கைப் பார்வையிட முற்றத்துக்குச் சென்றேன். லேபிள்கள் நேராக, குமிழின்றி ஒட்டப்பட்டிருந்தன. நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். நிரப்புபவர்கள் நால்வரின் கைகளிலும் கையுறை இல்லை. முகமூடிகள் கம்பியில் துணி உலர்த்துவதுபோல் தொங்கின. தணிகைவேல் குழாய் முனையிலிருந்து வழிந்த எண்ணெயை உள்ளங்கையால் வழித்து உதறினான்.

"கிளவுஸ் எங்கே?"

"அதான் படத்த எடுத்துட்டீங்களே சார்," என்றான் மூத்தவரான பெருமாள். பாராட்டுகிற தொனி. "ஆச்சரியக்குறி போச்சு, கிளவுசும் போச்சு. இந்த வெய்யில்ல அத்த மாட்டிக்கினு மனுசன் வேல செய்வானா? புண்ணியமாப் போவும் உங்களுக்கு."

"படம் போனால் ஆபத்து இல்லை என்று யார் சொன்னது?"

"நீங்கதான சார் வருசா வருசம் கிளாஸ் எடுக்கறீங்க? 'எழுத்து தெரியலன்னா பரவால்ல, படத்தப் பாரு, படத்த நம்பு'ன்னு."

அது என் வாக்கியம்தான். அப்படித்தான் கற்பித்தேன். நன்றாகவும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே கையுறை அணியச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். "விதி" என்றேன். அணிந்தார்கள். அலுவலகப் படி ஏறித் திரும்பிப் பார்க்கும்போது கழற்றியிருந்தார்கள்.

மார்ச் 4. புதன்.

கையுறை இல்லை.

மார்ச் 6. வெள்ளி.

ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிலாளியிடம் அதன் ஆபத்தை வெளிப்படுத்துவது முதலாளியின் கடமை. பழைய தொழிற்சாலைச் சட்டம் அப்படிச் சொன்னது. அதை உள்வாங்கிக்கொண்ட புதிய சட்டத் தொகுப்பும் சொல்கிறது. ராட்டர்டாம் துறைமுகத் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது நமது முற்றத்துத் தொழிலாளிக்கும் தெரிய வேண்டும். இந்த அடிப்படையில் ஒரு பக்கச் சுற்றறிக்கை தயாரித்துக் குலசேகரிடம் கொடுத்தேன்.

"நவம்பர் வரைக்கும் டைம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது ஐரோப்பிய லேபிளுக்கு. இது நம் சட்டம்."

"இருபத்தஞ்சு வருஷத்துல என்கிட்ட நீங்க முடியாதுன்னு சொன்னதே இல்ல சம்பந்தம்."

"இப்போதும் சொல்லவில்லை. சட்டத்தைத்தான் சொன்னேன்."

சுற்றறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். வாய்மொழியாகத் தெரிவிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நேரே முற்றத்துக்குப் போய், ஷிப்ட் மாறும் வேளையில் அனைவரையும் நிற்கவைத்து, எளிய சொற்களில் சொன்னேன். இந்த எண்ணெய் உடலின் சுரப்பிகளைக் குலைக்கக்கூடும். தோல் வழியாக உள்ளே போகும். ஆண்களின் விந்தணு குறையக்கூடும். நிறுத்தினால், இளைஞர்களுக்குப் பெரும்பாலும் சரியாகும் என்று எதிர்பார்க்கலாம்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "டேய் தணிக, ஆரணிப் பொண்ணு வேணாம்டா! ரெண்டு ஜோடி கிளவுஸ் வாங்கிக் குடுக்கச் சொல்லு, போதும்!" என்றான். முற்றமே சிரித்தது. பெருமாள்கூடச் சிரித்தார்.

தணிகைவேல் முன்னால் வந்தான். முகம் கறுத்திருந்தது.

"எல்லாரு முன்னாடியும் என்ன வெச்சுத்தான் சொல்லணுமா சார்?"

"உன்னைக் குறிப்பிட்டு நான் எதுவும் சொல்லவில்லை."

"நீங்க சொல்லல சார். ஊரு சொல்லுது பாருங்க." மூச்சு வாங்கினான். "உங்களுக்கும்தான் சார் கொழந்த இல்ல. நீங்களும் இதே டேங்க்ல கைய உட்டவருதான? நீங்க போயி பாத்தீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

அது அந்த இடத்துக்குப் பொருந்தாத கேள்வி. பதில் அளிக்காமல் அறைக்குத் திரும்பினேன்.

பின்குறிப்பு: மாலையில் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அனைவரும் கையுறை அணிந்திருந்தனர். தணிகைவேல் முற்றத்தில் இல்லை.

மார்ச் 8. ஞாயிறு.

பரணைச் சுத்தம் செய்தேன். தமயந்தியின் மருத்துவ அறிக்கைகள் அவள் அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. எல்லாம் இயல்பு நிலை. கடைசி அறிக்கையோடு ஒரு சீட்டு. கணவரையும் அழைத்து வரவும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். தமயந்தி அதைக் காட்டி, வருகிறீர்களா என்று கேட்டாள். அந்த வாரம் ஆலையில் தணிக்கை. பின்னர் அம்மா அவளைப் பிள்ளை வரம் வேண்டித் திருக்கருகாவூருக்கும் வேறு சில தலங்களுக்கும் அழைத்துச் சென்றார். அவள் எல்லாவற்றுக்கும் போய் வந்தாள்.

மதியம் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிக்னல் சரியாக இருப்பதில்லை.

மார்ச் 12. வியாழன்.

குலசேகரிடமிருந்து விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, சொன்ன செய்தியின் உண்மையை மறுக்க முடியுமானால் மறுக்கலாம் என்று பதில் எழுதினேன். பிற்பகல் அவரே அறைக்கு வந்தார். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையிலிருந்த லேபிள் மாதிரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என் தம்பியும் அந்த யார்டுலதான் அப்ரண்டிஸா இருந்தான்," என்றார் கடைசியில். "ரெண்டு வருஷம்."

விளக்கம் கேட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுற்றறிக்கை மாலை ஐந்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

தணிகைவேலைத் தேடினேன். கேட்டு வாங்கிக்கொண்டு கிடங்குக்கு மாறிவிட்டானாம். என்னைக் கண்டதும் ஃபோர்க்லிப்டின் மறுபுறம் போனான். பதினாறாம் தேதி திங்கட்கிழமை.

மார்ச் 14. சனி.

நவல்பூரில் தணிகைவேலின் வீட்டைக் கண்டுபிடித்துச் சென்றேன். பிறர் வீட்டுக்கு அழைப்பில்லாமல் செல்வது என் வழக்கமல்ல. வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

வாசலிலேயே இரண்டு பெட்டிகள், கயிறு கட்டிய ஒரு தையல் இயந்திரம். அவனுடைய தாயார் கன்னியம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னை யாரென்று அறிந்ததும் துடைத்த துணியைத் தோளில் வீசிக்கொண்டு எதிரே நின்றார்.

"நீதானாய்யா அந்த லேபிளு? எம்புள்ளய ஆம்பளயே இல்லேன்னு கம்பெனி பூரா டமாரம் அடிச்சது நீதான?"

"அப்படிச் சொல்லவில்லை அம்மா. ஒரு பொருளின் தன்மையைச் சொன்னேன். யாருக்கு என்ன என்பது சோதித்தால்தான் தெரியும்."

"எம்புள்ளைக்கு இன்னா சோதன? நாங்க அஞ்சு புள்ள பெத்த வம்சம்!"

உள்ளே பாத்திரம் உருளும் ஒலி கேட்டது. நிரோஷா கதவோரம் வந்தாள். "அஞ்சும் நீங்க மட்டுந்தான் அத்த பெத்தீங்க. அதுல உங்க புள்ள பெத்தது எது?"

"வாய் பாரு வாய். நாளான்னிக்கு உன் மாமங்கிட்டப் பேசு இந்த வாயி."

தணிகைவேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொல்வதற்காக நான் வழியெல்லாம் தொகுத்து வைத்திருந்த வாதங்கள் மூன்று. நிகழ்தகவு, மீளும் வாய்ப்பு, சட்ட நிலை. அவன் பின்கழுத்தைப் பார்த்தபோது அவற்றுள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாலாஜாவில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நான் போகிறேன்," என்றேன். "எனக்காக. நீ கேட்டது சரியான கேள்வி. தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. துணைக்கு வருவாயா?"

கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அய்ய, இந்த வயசுல இன்னாய்யா உனக்கு?"

"ஐம்பது ஆகிறது அம்மா."

அவர் அதன்பிறகு என்னைத் திட்டவில்லை. காபி வந்தது. சர்க்கரை மிகுதி. முழுவதும் குடித்தேன். தணிகைவேல் திரும்பவே இல்லை.

மாதிரி தருவதற்கு முன் மூன்று நாள் தாம்பத்தியத்திலிருந்து விலகியிருந்திருக்க வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த நிபந்தனை எனக்குச் சிரமம் தரவில்லை.

மார்ச் 16. திங்கள்.

ஏழே முக்காலுக்கே போய்விட்டேன். எட்டேகாலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கழற்றலாமே," என்றேன்.

"தெரிஞ்சவங்க யார்னா வருவாங்க சார்."

"யாரேனும் வந்தால் நீ எனக்குத் துணை."

சிறிது நேரம் கழித்துக் கழற்றினான்.

மேசையிலிருந்த இளம்பெண் நிமிராமல், "யாருக்குப் பாக்கணும்?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து என் பெயரையும் வயதையும் சொன்னேன். அவள் இப்போது நிமிர்ந்தாள். எனக்குப் பிறகு, என் தோளுக்குப் பின்னாலிருந்து, அவன் தன் பெயரைச் சொன்னான்.

மாதிரி எடுக்கும் அறையைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை. சுவரில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் நாட்காட்டி. தாழ்ப்பாள் பழுது. அறிவுறுத்தல் தாளில் ஒரு வரி தெளிவாக இல்லாததால் வெளியே வந்து விளக்கம் கேட்டேன். அந்தப் பெண் காதுவரை சிவந்து, உள்ளேயிருந்த ஆண் உதவியாளரைக் கூப்பிட்டாள். தணிகைவேல் தலைக்கவசத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். முதலில் அழுகிறான் என்று நினைத்தேன்.

"சார், அதுக்குமா சார் ரூல்ஸ் கேப்பீங்க?"

நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

முடிவுகளை மாலை வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அவன் அறிக்கையை நடைபாதையிலேயே பிரித்து என்னிடம் நீட்டினான். குறைவு, மிகவும் குறைவு, ஆனால் பூச்சியம் அல்ல. உள்ளே கொண்டுபோய்க் காட்டியபோது மருத்துவர் அவனிடம் தொட்டியடிக்கு மீண்டும் போக வேண்டாம் என்றும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும், வயது சாதகமாக இருக்கிறது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் நான் அதை அவனுக்கு இன்னொரு முறை சொன்னேன். அவன் நடைபாதை விளிம்பில் குந்தி உட்கார்ந்தான்.

"மாமன் வந்து உக்காந்துனு இருக்காராம் சார். போன் மேல போன்."

"என்ன செய்யப்போகிறாய்?"

அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

மார்ச் 17. செவ்வாய்.

அவன் கிடங்கில் இருந்தான். நான் கேட்பதற்குள் அவனே சொன்னான். எல்லோர் முன்னிலையிலும் அறிக்கையை மாமனின் கையில் கொடுத்திருக்கிறான். மாமனுக்கு ஆங்கிலம் தெரியாது. "எனக்குத்தான் கொற. அவளுக்கு இல்ல" என்று வாயால் சொல்லவேண்டியதாயிற்றாம். சொன்னபோது தாயார் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாராம், இன்னும் பேசவில்லையாம்.

"நிரோஷா?"

"தையல் மெஷின் கவுத்த அவுக்க முடியல சார். எங்கம்மா கட்டினது. அருவாமனையால அறுத்தா."

பெட்டிகள்?

"உள்ள போயிடுச்சு சார்."

மாலை அறைக்கு வந்து, கதவருகில் நின்றபடியே, "உங்களுது இன்னா சார் வந்துச்சு?" என்று கேட்டான். அது என் சொந்த விஷயம் என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு சொன்னேன். அவன் உள்ளே வந்து, "டீ சொல்லட்டா சார்?" என்றான்.

மார்ச் 18. புதன்.

விடுப்பு எடுத்துக்கொண்டேன். காரணம் எழுதும் இடத்தில் எதுவும் எழுதவில்லை.

மாலை ஆறு மணிக்குத் தமயந்தியை அழைத்தேன். இம்முறை அவளே எடுத்தாள். உடல்நிலை விசாரித்தாள்; நன்றாக இருக்கிறேன் என்றேன். ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லி, அறிக்கையைத் தலைப்பிலிருந்து படித்தேன். பெயர், வயது, தேதி, அளவுகள், இயல்பான அளவுகள், கீழே மருத்துவரின் குறிப்பு. கடைசி வரி ஒரே ஒரு சொல்; பூச்சியம் என்று பொருள். எண்களைவிட எளிது. படித்தேன்.

அவள் அக்காள் வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அம்மா இருந்தப்போ இதப் படிச்சிருக்கலாம்," என்றாள்.

"ஆம்."

"எத்தனை கோயில்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். பிறகு, "இப்ப எதுக்காக எடுத்தீங்க? யாரு கேட்டா?"

தணிகைவேலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். புதிய வகையைப் பற்றியும், படத்துக்கான கட்டம் வெறுமையாக இருப்பதைப் பற்றியும் விளக்கியிருக்கலாம். அவை எல்லாம் உண்மையே. ஆனால் அவள் கேட்டதற்கு அவை பதில் அல்ல.

"நீதான் கேட்டாய்," என்றேன். "அப்போது."

துருவும் ஒலி நின்றது. அவள் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சினாள். வைத்துவிடட்டுமா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே இருட்டியது. விளக்கைப் போட எழுந்தால் நாற்காலி ஓசையிடும், போய்விட்டேன் என்று நினைப்பாள் என்பதால் எழவில்லை.

"இருக்கீங்களா?" என்றாள் ஒரு தடவை.

"இருக்கிறேன்."